பாறைமேல் நின்றவன்

ஐந்தருவிச் சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தபோதுதான், நாவலில் இன்னும் நாற்பது பக்கம் மீதி இருப்பது உறுத்தத் தொடங்கியது. லாட்ஜை விட்டுப் புறப்பட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். தோளில் துணிப்பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு துண்டு, பாலித்தீன் உறையில் சுற்றிய அந்தப் புத்தகம். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. சட்டை நனைந்தால் உடம்பிலேயே காய்ந்துவிடும். புத்தகம் நனைந்தால் உப்பிவிடும், பழைய நிலைக்கு வராது. அதனால் இருந்த ஒரே உறையை அதற்குக் கொடுத்துவிட்டு நான் நனைந்தேன். எனக்குப் பிடிக்காத ஓர் ஆள் எழுதிய புத்தகத்துக்கு இவ்வளவு மரியாதை.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்புப் பாதியில் நின்ற படிப்பு. அதன் பிறகு ஐந்தருவியில் சீசன் கடை, புனலூரில் ரப்பர் தோட்டம், ஆலங்குளத்தில் செங்கல் சூளை, கடையநல்லூரில் ஜவுளிக்கடைச் சுமை, தென்காசியில் பரோட்டாக் கடை, குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை, கடைசியாக ஐந்தருவிக்குப் பக்கத்து லாட்ஜில் அறை பெருக்குகிற வேலை. சண்டை போட்டு விட்டது உண்டு. சூடு தாங்காமல் விட்டது உண்டு. நல்ல பஸ் ஒன்று எதிரே வந்து நின்றதற்காக விட்டதும் உண்டு. ஒரு நாவலுக்காக விட்டது அதுதான் முதல் தடவை.

என்னிடம் ஒரு கதை இருந்தது. சொத்து என்று சொன்னால் அது ஒன்றுதான். புது ஊரில் இறங்கி, தெரியாத டீக்கடையில் ஒதுங்கி, பேச்சு ஆரம்பித்ததும் அந்தக் கதையைச் சொல்வேன். சிரித்து முடிக்கும்போது என் முன்னால் ஒரு டீ இருக்கும். பல நாள் அதோடு ஒரு வடையும் இருக்கும். பதினோரு வருடம் அது என்னைக் கைவிட்டதில்லை.

கதை இதுதான். ஐந்தருவிக்குக் கீழே ஓர் அக்கா சீசன் கடை போட்டிருந்தாள். டீ, மிளகாய் பஜ்ஜி, நேந்திரங்காய் சிப்ஸ். நான் அவளிடம் வேலைக்கு இருந்தேன். தென்காசி மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு மலையிறங்கி வந்தவள் அவள்; பிறந்தது செங்கோட்டைக்கும் அப்பால், மலையாளம் பேசுகிற ஆரியங்காவுப் பக்கம். அங்கே குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். இங்கே வெள்ளம் என்றால் ஆளை அடித்துக்கொண்டு போவது. கடைக்குத் தண்ணீர் மேலே ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய் வழியாக வரும். இரண்டு நாளாக ஓஸில் சருகு அடைத்துக்கொண்டு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் பாறைமேல் ஏறிப் போய், சருகைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கீழே பார்த்து, “யக்கா, வருதா?” என்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் அவளும் தொண்டை கிழியக் கத்தினாள்: “வெள்ளம் வருது! வெள்ளம் வருது!”

முந்தின நாள்தான் தண்ணீர் பெருகி, குளிக்கத் தடை போட்டு எடுத்திருந்தார்கள். அருவியில் நின்ற அத்தனை பேரும் ஓடினார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பாதி உடம்பு மினுங்க ஓடினார்கள். ஓர் ஆள் தன் பிள்ளை என்று நினைத்து யாருடைய பிள்ளையையோ தூக்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடம் வரை போய்விட்டார். ஒரு வாத்தியார், “ஓடக்கூடாது, வரிசையா வாங்க” என்று சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அக்கா பதறிப் போய், “ஏ, ஓடாதிய! குடிக்கிற வெள்ளம்! குடிக்கிற வெள்ளம்!” என்று கத்த, அதில் முதல் பாதியை விட்டுவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் கேட்டவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

இவ்வளவுதான். நான் சொன்னால் சிரிப்பார்கள்.

லாட்ஜ் மேனேஜர் அண்ணாச்சிக்கும் இந்தக் கதை பிடிக்கும். குளிக்கத் தடை போட்ட நாளில் அறைக்காரர்கள் வராந்தாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாச்சி என்னைக் கூப்பிடுவார். “ஏலே, அந்த வெள்ளக் கதையச் சொல்லு. அவுகளுக்குப் பொழுது போவட்டும்.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொல்வேன்.

நான் வேலையை விட்ட வாரம் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சொன்னேன். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் கண்ணை விரித்து, “அங்கிள், இது அந்த நாவல்ல வர்ற சீன்தானே? நீங்க அத விடச் சூப்பரா சொல்றீங்க” என்றாள்.

“எந்த நாவல்ம்மா?”

உள்ளே போய் எடுத்துவந்தாள். கறுப்பு அட்டை, நடுவில் வெள்ளையாக ஓர் அருவி. பின்னட்டையில் எழுதியவரின் படம் இருந்தது. தாடியை எடுத்திருந்தார். ஆனாலும் எங்கள் லாட்ஜில் முன்பு தங்கியவர் என்று எனக்குத் தெரிந்தது.

“என்னலே,” என்றார் அண்ணாச்சி, “நீ கண்ணால பாத்ததுன்னுல்லா சொல்லிட்டுத் திரியுதே?”

“பாத்ததுதான் அண்ணாச்சி.”

“எங்கன? புஸ்தகத்துலயா?”

வராந்தா முழுக்கச் சிரித்தது. யாரும் கெட்ட மனதோடு சிரிக்கவில்லை. அந்தப் பெண் புத்தகத்தை என் கையிலேயே கொடுத்து, “நான் முடிச்சுட்டேன், நீங்களே வச்சுக்கோங்க” என்றாள். அவள் என்னை அவமானப்படுத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த மூன்று நாளும் எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் என்னை ‘நாவலு’ என்று கூப்பிட்டார்கள். “ஏ நாவலு, ரெண்டு வாளி சுடுதண்ணி கொண்டா.” அதைக்கூடப் பொறுத்தேன். நான்காம் நாள் காலையில் புதிதாக வந்து இறங்கியவர்களிடம் அண்ணாச்சி என்னைக் காட்டி, “இவன் ஒரு நாவல் படிச்சிருக்கான். அதுல ஒரு பாகத்த நல்லாச் சொல்லுவான். சொல்லுலே” என்றார். துடைப்பத்தைச் சாய்த்து வைத்தேன். பையை எடுத்துக்கொண்டேன்.

அந்த எழுத்தாளர் எங்கள் லாட்ஜுக்கு வந்தது ஒரு பங்குனியில். அருவியில் ஈரம்கூட இல்லாத பங்குனியில் குற்றாலத்துக்கு வருகிறவன் ஒன்று ஒளிந்துகொள்ள வந்தவனாக இருப்பான், இல்லையென்றால் எழுதுகிறவனாக இருப்பான். இருபது நாள் இருந்தார். நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். பேச ஆளில்லாமல் இருந்ததால் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார். சொன்னேன். மறுநாள் மூன்றாம் தடவையும் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கதையை ஒருவர் இப்படிக் கேட்கிறாரே என்று கையை ஆட்டி, குரலை மாற்றி, பாறையில் ஏறுவது போல அவர் கட்டில்மேல் ஏறி நின்றே சொல்லிக் காட்டினேன். முடித்ததும், “அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?” என்றார். “இலஞ்சிப் பக்கம் கடை வச்சிருக்கதாச் சொல்லுதாவ” என்றேன். அதோடு அதை மறந்தும் போனேன். அந்தக் கதையை வைத்து நான் பதினோரு வருடம் டீ குடித்தேன். அவர் ஒரு புத்தகமே போட்டுவிட்டார்.

பொறாமையோடு ஒரு புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். அதைப் போலக் கவனமான வாசிப்பு வேறு கிடையாது. எனக்கு உதடு அசையாமல் படிக்க வராது. ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். பெருக்கி முடித்த அறைகளில் உட்கார்ந்து, பிழை கண்டுபிடிப்பதற்காகவே படித்தேன். பிழை இருந்த பக்கத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகி வைத்தேன். மூன்றாம் நாள் முடிவில் ஒன்பது டிக்கெட் சேர்ந்தது.

ஐப்பசியில் சாரல் அடிக்கிறது என்று எழுதியிருந்தார். சாரல் ஆனி ஆடியில் மலை தாண்டி வருவது. ஐப்பசியில் பெய்வது மழை. ஒரு டிக்கெட். தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்தவன் ஈரப் பாறையில் இருபது அடி ஓடுகிறான் என்று எழுதியிருந்தார். மூன்றாம் அடியில் விழுந்துவிடுவான். நான் எத்தனையோ பேரைத் தூக்கிவிட்டிருக்கிறேன். இன்னொரு டிக்கெட். மற்றவை சின்னச் சின்னவை. கடையநல்லூர் பஸ் நிற்காத இடத்தில் நிற்கிறது, இலஞ்சிக் கோயில் மணி வேறு ஊருக்குக் கேட்கிறது, அப்படி.

டிக்கெட் செருகாத பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது என் கதையின் முதல் சத்தத்தை மட்டும்தான். அந்த ஓட்டத்தில், நாவலில், ஒரு மனிதர் செத்துப்போகிறார். நெரிசலில் விழுந்தார் என்று ஊர் சொல்கிறது. விசாரிக்க வருகிற பெண் இன்ஸ்பெக்டர் சென்னைக்காரர். அவருக்கு வெள்ளம் என்றால் வெள்ளம்தான். வராத வெள்ளத்தை வருகிறது என்று சொல்லி ஓர் ஆளைக் கொன்றாள் என்று பஜ்ஜிக்கடைக்காரியைப் பிடித்து உள்ளே வைக்கிறார். அவள் என்ன சொன்னாலும் அந்த ஒரு சொல்லிலேயே போய் மாட்டிக்கொள்கிறாள். “வெள்ளம் குடிக்கணும்” என்று ஸ்டேஷனில் அவள் கேட்கிற இடத்தில், கூட நிற்கிற, மலையாளம் தெரிந்த செங்கோட்டைக் கான்ஸ்டபிள் ஒருவன் திடுக்கென்று நிமிர்கிறான். அந்த அத்தியாயம் அங்கே முடிந்துவிடுகிறது. நான் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் இரண்டு தடவை நடந்தேன்.

அதற்குப் பிறகு ஓஸில் அடைத்திருந்த சருகைத் தேடி எடுக்கிறார்கள். அது தேக்கு இலை. அந்த ஓடைக்கு மேலே தேக்கே கிடையாது. அப்படியென்றால் யாரோ கொண்டுவந்து திணித்திருக்கிறார்கள். தண்ணீர் நின்று, அடைப்பு எடுபடும் நேரத்தில் அவள் எந்தச் சொல்லைக் கத்துவாள் என்று தெரிந்த யாரோ. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சருகை என் கையால் பிடுங்கினேன். ஒரு கைப்பிடி இருந்தது. அது என்ன இலை என்று எனக்கு நினைவில்லை. பதினோரு வருடம் கதை சொன்னவனுக்குக் கையில் இருந்த இலை தெரியவில்லை. அறையில் உட்கார்ந்து கேட்டவருக்கு அது தெரிந்திருக்கிறது.

பாறைமேல் நிற்கிற ஆளும் நாவலில் வருகிறான். “வருதா?” என்று கேட்கிறவன். பெயரில்லை. எல்லோருக்கும் அவன் மேல்தான் சந்தேகம். சம்பவம் முடிந்ததும் பஸ் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டான் என்று இருந்தது. நான் ஓடியதை அவரிடம் சொல்லவேயில்லை. அதற்கு அடுத்த பக்கத்தில், கூட்டம் ஓடும்போது கடையின் அடுப்பு சாய்ந்து, எண்ணெய்ச் சட்டி அவளுடைய இடது காலில் கவிழ்ந்தது என்று இருந்தது.

நான் சொல்லும் கதையில் அடுப்பு கிடையாது.

அடுப்பு இருந்தது. பாறைமேல் நின்று அது சாய்ந்ததைப் பார்த்தேன். சட்டி உருண்ட சத்தமும் கேட்டது. நான் அப்போது சிரித்துக்கொண்டிருந்தேன், உடனே நிறுத்த முடியவில்லை. இறங்கி வந்தபோது அவளை ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர், “கால் வெந்துபோச்சுடே, கடைய நீதான் பாக்கணும்” என்றார். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, செங்கோட்டை போய், புனலூர் பஸ் ஏறினேன். பயத்தால் என்று சொல்லலாம். பயம் இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை ஒன்று வந்து நின்றது. அதை விட்டுப் போனேன்.

அந்த அடுப்புப் பக்கத்தோடுதான் படிப்பதை நிறுத்தியிருந்தேன். நாற்பது பக்கம் மீதி. யாரோ அவருக்கு அடுப்பைச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்பதற்குப் பெரிய துப்புத் துலக்க வேண்டியதில்லை. குற்றாலம் தாண்டி இலஞ்சி ரோட்டில் திரும்பியபோது எனக்கு இரண்டு காரியம் வேண்டியிருந்தது. பாறைமேல் நின்றவனைக் கொலைகாரன் ஆக்கிவிட்டாரா என்று தெரிய வேண்டும். அந்தப் பாறைமேல் நின்றது நான்தான், கதை என்னுடையதுதான் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். உலகத்தில் அதற்கு ஒரே ஆள்தான் உண்டு. இத்தனை வருடமும் பஸ்ஸில் இலஞ்சியைக் கடக்கும்போது நான் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்திருக்கிறேன்.

கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஊர் தொடங்குகிற இடத்தில், தென்னந்தோப்பை ஒட்டி, தகரம் போட்ட டீக்கடை. ஒரு பக்கம் வயல். மதியம் தாண்டிய நேரம், கூட்டம் இல்லை. அக்கா பாய்லர் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முன்பக்க முடி நரைத்திருந்தது. இடது காலில் மட்டும் ஆண்கள் போடுகிற அகல ரப்பர் செருப்பு. அந்தப் புறங்கால் தோல் சுருங்கி, வேறு நிறமாக இருந்தது. நான் தகரத்துக்கு அடியில் வந்து நின்று தலையைத் துவட்டினேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாரு, வருதாவா?”

பாறைமேலிருந்து நான் கத்திய சொல்லைத்தான் அவள் என் பெயராக நினைவு வைத்திருந்தாள்.

“ஆமாக்கா.”

“டீ போடவா, இல்ல ஒனக்கு பஸ்ஸு எதும் ஏறணுமா?”

“டீ போடுங்கக்கா.”

போட்டாள். கண்ணாடி டம்ளரை என் முன்னால் டக்கென்று வைத்தாள். இந்த டீ கதை சொல்லி வாங்கியதில்லை என்று தோன்றியது. உறையைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தேன்.

“யக்கா, இதுல ஒங்களப் பத்தி...”

“தெரியும்லே. அந்தத் தம்பி நாலு நாள் இங்கன வந்தாரு. நீ உக்காந்திருக்கியே, அதே ஸ்டூலுலதான் உக்காந்திருந்தாரு. நீ சொல்லி வந்ததாச் சொன்னாரு. நல்லா கத சொல்லுவான்னாரு. அடுப்பச் சொன்னானான்னு கேட்டேன். இல்லியேன்னாரு. பின்னே நான் சொன்னேன்.”

அவருக்கு நான்கு நாள் ஸ்டூல். அவர் ‘தம்பி’, ‘வந்தாரு’. நான் ‘லே’. அது போதாதென்று, அக்கா சீனி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, சாமி படத்தோடு சேர்த்து வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். செய்தித்தாளில் அட்டை போட்ட அதே நாவல். முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவளுக்கு ஒரு பிரதி வந்திருக்கிறது. கட்டில்மேல் ஏறி நின்று நடித்துக் காட்டிய எனக்கு வரவில்லை.

“நீங்க படிச்சாச்சா?”

“நான் எங்க படிக்க? பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம். தமிழ் எழுத்து எனக்கு வராது. கும்பிட்டு வச்சிருக்கேன்.”

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். லாட்ஜில் நடந்ததைச் சொன்னேன், ‘நாவலு’ என்று கூப்பிட்டதைச் சொன்னேன். “மேனேஜர் அண்ணாச்சி நம்பர் இருக்கு. ஒரு போன் போட்டு, பாறைமேல நின்னது இவந்தான்னு மட்டும் சொல்லுதீயளாக்கா?”

அக்கா பாய்லருக்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் போட்டாள்.

“என்னன்னு சொல்ல? மேல நின்னு சிரிச்சவன் இவந்தான்னா?”

அவளே தொடர்ந்தாள்.

“எனக்கு வெள்ளத்துக்காரின்னு பேரு. தெரியுமா ஒனக்கு? கால் ஆறி மறு சீசனுக்குக் கடை போட்டேன். வாறவன் போறவன்லாம், ‘என்னக்கா, வெள்ளம் வருதா?’ன்னான். பஜ்ஜி திங்க வரல, வேடிக்க பாக்க வந்தான். கடையநல்லூர்க்காரன் கேக்கான், ஆலங்குளத்துக்காரன் கேக்கான். அங்கன வராத ஊர்க்காரனுக்கெல்லாம் எப்பிடித் தெரிஞ்சுதுன்னு நினைக்கே? அதான் ஐந்தருவிய விட்டு இங்கன வந்தேன்.”

கடையநல்லூரில் ஜவுளிக்கடை, ஆலங்குளத்தில் செங்கல் சூளை. நான் கதை சொல்லி டீ குடித்த ஊர்களின் வரிசை அது. கதை என்னுடையது என்று நிரூபிக்க வந்தவனுக்கு, அது என்னுடையதுதான் என்று நல்லபடியாக நிரூபணமாகிவிட்டது.

அக்கா என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, “எத்தன பக்கம் மிச்சம் இருக்கு?” என்றாள்.

“நாப்பது.”

“நான் எங்கன இருக்கேன்?”

“ஸ்டேஷன்ல. உள்ள வச்சிருக்காவ.”

“அடப்பாவி, இன்னுமா விடல? படி. என்ன ஆனேன்னு பாப்போம்.”

அதற்கு முந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மீதியை வாய்விட்டுப் படித்தேன். எனக்கு உதடு அசைத்துத்தானே படிக்க வரும், சத்தம் கொடுப்பது ஒன்றும் சிரமமில்லை. வாழைத்தார் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. அதன் டிரைவர் டீயை வாங்கிக்கொண்டு நின்றபடியே கேட்டார். கொஞ்ச நேரத்தில் வண்டியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எங்கே நிறுத்தினால் ஆள் மூச்சைப் பிடிப்பான் என்பது எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். அந்த நாற்பது பக்கத்திலும் நான் நிறுத்த நினைத்த இடத்திலெல்லாம் அவரே ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். வரி அங்கே உடைந்திருந்தது. ஒரு தடவை வேண்டுமென்றே அவர் நிறுத்தாத இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். “ஏன்யா நின்னுட்டீரு, சொல்லும்” என்றார் டிரைவர். அவர் சொன்னது சரி, அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது. சாரல் ஐப்பசியில் பெய்யட்டும், எண்ணெய்க்காரன் இருபது அடி ஓடட்டும். ஒரு ஆளை ஆறிப்போன டீயோடு உட்கார வைக்கத் தெரிந்தவர் எழுதிய புத்தகம் அது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லாமல் விட்டால், அடுப்பை விட்ட மாதிரி ஆகிவிடும்.

யார் கொலை செய்தது என்று இங்கே சொல்லமாட்டேன். கதையை விற்றுப் பிழைக்கிற இன்னொருவனின் சோற்றில் மண் போடக் கூடாது. ஆனால் பாறைமேல் நின்றவன் கொலைகாரன் இல்லை. அந்த நாற்பதில் முப்பதாவது பக்கத்தில் அது தெரிந்துவிடுகிறது. அவனைப் புனலூரிலிருந்து பிடித்துவருகிறார்கள். இன்ஸ்பெக்டர் அவனிடம் ஐந்தே கேள்வி கேட்கிறார். பிறகு கான்ஸ்டபிளிடம் சொல்கிறார்: இவனுக்கு ஒன்றும் தெரியாது, சருகை வைத்தது யார் என்றும் தெரியாது, கீழே என்ன நடந்தது என்றும் தெரியாது, அனுப்பிவிடுங்கள். அவன் போய்விடுகிறான். அதற்குப் பிறகு புத்தகத்தில் அவன் இல்லை. எண்ணிப் பார்த்தால் மொத்தமாக இரண்டு பக்கம் தேறும்.

நான் படிப்பதை நிறுத்தினேன். குற்றாலத்திலிருந்து வழி முழுக்க, கொலைகாரன் ஆக்கிவிட்டாரோ என்று பயந்து வந்தவன் நான். இப்போது அந்தக் கொலைகாரனைப் பார்த்தே பொறாமையாக இருந்தது. அவனுக்குத் திட்டம் இருக்கிறது, இரண்டு அத்தியாயம் இருக்கிறது, இலை எந்த மரத்தினது என்று தெரிந்திருக்கிறது. எனக்கு, ‘அனுப்பிவிடுங்கள்.’

“மொகம் ஏன்லே இப்பிடிப் போவுது?” என்றாள் அக்கா. “ஒன்ன வுட்டுட்டாவல்லா?”

“கொலகாரனாக்கூட என்ன வைக்கலியேக்கா.”

டிரைவர் டீயைத் துப்பிவிட்டார். அக்கா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, “அதுக்கெல்லாம் ஒரு சாமர்த்தியம் வேணும்லே” என்றாள்.

மீதியைப் படித்தேன். கடைக்காரியை விட்டுவிடுகிறார்கள். அவள் கடைசி அத்தியாயத்தில் திரும்ப ஐந்தருவிக்குப் போய்க் கடை போடுகிறாள். கால் ஆறியிருக்கிறது. கல்படிகளில் விறுவிறுவென்று ஏறுகிறாள். இன்ஸ்பெக்டர் வந்து, “குடிக்க வெள்ளம் கொடுங்க” என்று அவளுடைய சொல்லாலேயே கேட்கிறார். முடிந்தது.

டிரைவர் எழுந்து, “நல்லா இருந்துச்சு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எனக்கா, எழுதியவருக்கா என்று தெரியவில்லை. எனக்கே என்று எடுத்துக்கொண்டேன்.

அக்கா குனிந்து ரப்பர் செருப்பைக் காலோடு சரியாக நகர்த்தி வைத்தாள்.

“ஏலே, பொறாமையா ஒனக்கு?”

“ஆமாக்கா.”

“எனக்கும்தான். அவளுக்குக் கால் சரியாப் போச்சு பாத்தியா. படியேறுதா.”

மாலைக் கூட்டம் வரத் தொடங்கியது. நான் கேட்காமலேயே டம்ளர்களைக் கழுவினேன். தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. கடையை எடுத்து வைக்கும்போது அக்கா எதிரே இருந்த தெருக்குழாயைக் காட்டினாள்.

“விடிய அதுல வரும். ஆறு கொடம் வேணும். இந்தக் கால வச்சிட்டு நான் ரெண்டு கொடம் தூக்குதேன், மிச்சத்துக்கு ஆள் இல்ல. வந்தா வா. இல்லன்னா தென்காசிக்குக் கடைசி பஸ்ஸு இன்னும் போவல.”

பஸ் போனது. அந்த ஜன்னல்கள் எங்களைக் கடந்து போனதை நின்று பார்த்தேன். அன்று இலஞ்சிக் கோயில் பக்கத்து மண்டபத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். பைக்குள் புத்தகம் இருந்ததால் தலையணை உயரமாக இருந்தது.

மறுநாள் விடியும்போது ஆறு குடங்களோடு குழாயடியில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். சாரல் நின்றிருந்தது. கடைக்குள் அக்கா அடுப்புப் பற்ற வைக்கிற புகை தெரிந்தது. குழாய் முதலில் காற்றை விட்டது, பிறகு கொஞ்சம் செம்மண் நிறமாகத் துப்பியது. உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்:

“ஏலே, வருதா?”

தண்ணி என்று சொல்லலாம். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“வெள்ளம் வருதுக்கா!”

முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குடத்தைக் கவனித்தாள். யாரும் ஓடவில்லை. என் முறை வந்ததும் முதல் குடத்தை வைத்தேன். அன்றிலிருந்து அந்தக் கடையில் வேலை. இந்த இடம் அவருடைய புத்தகத்தில் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.